நின்றபடி வாசித்த மனு

மனைவி போன பிறகு மதிய நேரத்தை என்ன செய்வது என்பதற்கு அரசாணை எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன். அப்படி ஒன்று இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். செல்போனில் ஒரு விளையாட்டை இறக்கிக்கொண்டேன். தீவில் குதித்து, கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே எதிரிகளைச் சுட வேண்டும். எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். ஒருவன் பனவடலிசத்திரத்தில் ஆடு மேய்ப்பவன். இன்னொருத்தி மேலநீலிதநல்லூரில் கடை வைத்திருப்பவள். நான் சுட்டதைவிடச் செத்ததே அதிகம். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து எழுப்பிவிடுவார்கள்.

ஒருநாள், அந்த விளையாட்டை அரசு முடக்கப் போவதாகச் செய்தி வந்தது. காரணம் ரகசியமாம். நானும் பல உறைகளில் 'ரகசியம்' என்று முத்திரை குத்தியவன்தான். மனு போடலாம் என்றேன்.

"மனுவை எவன் படிக்கான் அண்ணாச்சி? வீடியோ போடுவோம்," என்றான் ஆட்டுக்காரன்.

வேறு ஊர்களில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே தங்கள் பொம்மைகளை நடிக்கவைத்துப் படம்பிடித்து இணையத்தில் போடுவது. எங்கள் படத்தில் இருபது பேர் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பாலத்தில் உட்கார வேண்டும். நான் மனு வாசிக்க வேண்டும்.

"பொருள், பார்வை எல்லாம் எதுக்கு? சுருக்கிச் சொல்லுங்க," என்றாள் கடைக்காரி.

"பார்வை இல்லாட்டி மனுவைத் திருப்பி அனுப்பிருவாம்மா."

"வெளையாட்டுலருந்து நம்மளையே தொரத்துதான். மனுவத் திருப்பி அனுப்புனா என்ன?"

வாசித்தேன். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உட்காரும் பொத்தான் தெரியவில்லை. அமுக்கியதெல்லாம் குதிக்கும் பொத்தானாக இருந்தது. வணக்கத்துக்குரிய ஐயா என்பதற்கும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பதற்கும் இடையில் இரண்டு முறை குதித்தேன். பாலத்தில் கடைசிவரை நின்றது நான் மட்டும்தான். அந்த இருபது பேரில் வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார். உட்கார மறுத்த அந்த மனிதருக்கு வணக்கம் என்று கீழே பலர் எழுதியிருந்தார்கள்.

இரண்டு நாளில் விளையாட்டு நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது. பெயரும் முகவரியும் இல்லை என்று எத்தனையோ மனுக்களைத் திருப்பியவன், இந்த இரண்டு பேரிடமும் பெயரோ போன் நம்பரோ கேட்டதே இல்லை.

வீடியோவுக்குக் கீழே, 'பனவடலிசத்திரத்து ஆட்டுக்காரர் கவனத்துக்கு' என்று எழுதினேன். "பெருசு, இது என்ன கிராம சபையா?" என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள். அந்த ஊருக்கே பஸ் ஏறிப் போனேன். ஆடு மேய்ப்பவர்கள் நான்கு பேரிடம் மழையைப் பற்றிப் பேசினேன். எந்தக் குரலும் ஒத்துவரவில்லை. மேலநீலிதநல்லூரில், பெண்கள் இருந்த மூன்று கடைகளில் மூன்று சோப்பு வாங்கினேன். என் குரலைக் கேட்டு யாரும் நிமிரவில்லை.

வீடியோ மட்டும் இன்னும் முடக்கப்படவில்லை. சாப்பிட்டு முடித்ததும் போட்டுப் பார்க்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் அவள், "அண்ணாச்சி, உக்காருங்க," என்கிறாள். அவன் சிரிக்கிறான். நான் குதிக்கிறேன்.