வயிற்றுக் குட்டியோடு வந்த சுறா

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறாப் புட்டு. விருத்தாசலத்தில் கடல் கிடையாது; ஆனாலும் இதை மீறிய வீடும் கிடையாது. சுறாவை அவித்து, தோலைச் சுரண்டி உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் பிரட்டுவார்கள். வேறு யாராவது சட்டியை எட்டிப் பார்த்தால் திட்டு விழும். அது பச்சை உடம்புக்காரிக்கு மட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகள் பிறந்தபோது எனக்குப் பால் சரியாக இறங்கவில்லை. பிள்ளை ஒரு பக்கம் சப்பிவிட்டு அழும், மறுபக்கம் மாற்றினால் அங்கேயும் அழும். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பீங்கான் பொம்மை வேலைக்குப் போனவள். பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சூளையில் வெடிக்காமல் இருக்கப் பொம்மைக்கு அடியில் காற்றுத்துளை போடுவோம். போட்ட துளையைப் போட்டேனா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கையில் பால் குடிக்காத பிள்ளை. அது தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டை நடத்தியது என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்தான் மீன்காரம்மாவிடம் சுறாவுக்குச் சொல்லிவைத்தார். மீன்காரம்மா கடலூர் முதுநகரிலிருந்து கூடையோடு ரயிலில் வருபவர். கூடையில் இடம் வேண்டுமே என்று சுறாவின் தலையையும் துடுப்பையும் அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டு, வயிற்றையும் கழுவித்தான் எடுத்து வருவார். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த யாரும் சுறாவின் முகத்தைப் பார்த்ததில்லை. தலையில்லாத சின்னச் சுறா எதுவானாலும் எங்களுக்கு அது பால்சுறாதான்.

அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் மீனை முழுசாகவே தூக்கி வந்துவிட்டார். கருத்த பழுப்பு நிறம். முதுகுத் துடுப்பு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள். கண் மட்டும் பெரிய பெரிய பச்சைக் கண், பாட்டில் கண்ணாடியைப் போல.

"இன்னாடி இது, முழிச்சிப் பாக்குது!" என்று அண்ணி ஒரு அடி பின்னால் போனார்.

"செத்தது முழிச்சா இன்னா, தூங்குனா இன்னா? அறுங்க யக்கா" என்றார் மீன்காரம்மா.

வயிற்றில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. அண்ணி அரிவாள்மனையில் வைத்து அதைக் கீழே வரைக்கும் இழுத்தார். உள்ளே இரண்டு குட்டிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள்கருப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கும் அதே பச்சைக் கண். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தேன்.

"இது பால்சுறா இல்லியே?" என்றேன்.

"சுறாதாம்மா. அடிக்கடல் சரக்கு. வெளிச்சமே போவாத ஆழத்துல கெடக்கும். இப்பதான் பெரிய போட்டுக்காரங்க அம்மாம் ஆழத்துக்குத் தூண்டில் எறக்குறாங்க. ஈரல்ல எண்ணெ நெறைய. ஈரல எடுத்துக்கிட்டா கறிய எங்க ஊர்ல ஒருத்தனும் தொடமாட்டான்…" மீன்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் எங்க தலையில கட்டுறியா?" என்று அண்ணி சீறினார்.

நான் விடவில்லை. "ஒரு ஈத்துக்கு எத்தினி குட்டி போடும்?"

"ஒண்ணு, ரெண்டு. மத்தி மாதிரி கொட்டாது. நம்மள மாதிரிதான்னு வெச்சிக்கயேன்."

எனக்கு எதைப் பார்த்தாலும் கவலை வரும். நான் பார்க்கவே முடியாத அந்த இருட்டுத் தண்ணீரை நினைத்து அன்று கவலை வந்தது. பெற்றுப் போடுவது ஒன்றோ இரண்டோ. அதையும் வயிற்றோடு தூக்கி வந்துவிட்டால் அங்கே அப்புறம் யார் இருப்பார்கள்?

"அண்ணி, இத ஆக்காதீங்க. நான் திங்கமாட்டேன்."

"புள்ள பசியில கத்துது, நீ மீனுக்கு அழுவுறியா? கோழி திங்கல? ஆடு திங்கல?"

"திம்பேன். செனை ஆட்ட அறுத்தா கறிக்கடைக்காரன நீங்க சும்மா வுடுவீங்களா?"

"அது ஆடு. இது மீனு."

"இதுவும் குட்டிதான் போடுது."

அண்ணி மீனை அவித்துப் புட்டு செய்து என் முன்னால் வைத்தார். அது உதிரவுமில்லை; ஈரமாய், குழைந்துபோய்க் கிடந்தது. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ராத்திரி வந்த வீட்டுக்காரர், "அக்கா சொன்னத கேட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்றார். நான் அவர் முகத்தையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை.

பால் வந்ததா என்றால், வரவில்லை. சுறாவுக்கு இரக்கப்பட்டாள், கடவுள் மார் நிறையப் பால் கொடுத்தார் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வராது. பூண்டு தின்றேன், முருங்கைக்கீரை தின்றேன். சுரந்தது பாதி வயிற்றுக்குத்தான் ஆயிற்று. மீதிக்குப் பசும்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிச் சங்கில் ஊற்றினேன். ஒவ்வொரு சங்குக்கும் புரையேறிவிடுமோ என்று உயிர் போய் வந்தது. மறுபடி வேலைக்குப் போனபோது, "சுறாவுக்குப் பிரசவ லீவு வாங்கிக் குடுத்தவ வர்றா, வழிவுடுங்க" என்று பொம்மைக்காரிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மகள் கொஞ்சம் மெலிந்துதான் வளர்ந்தாள். அவள் தும்மினால்கூட அண்ணி அந்தப் புட்டுப் பேச்சை இழுப்பார்.

இரண்டாவது பிள்ளைக்கு மாதம் நெருங்கியபோது மீன்காரம்மாவை நானே வாசலில் நிறுத்திச் சொன்னேன்.

"தலையோட கொண்டா. வயித்தக் கழுவாம காட்டு. குட்டி இருந்தா வாணாம். அடிக்கடல் சரக்கும் வாணாம்."

"ஒனக்கோசரம் நான் கடலுக்குள்ள போயி ஒவ்வொண்ணா வயித்தத் தடவிப் பாத்துக்கிட்டு வரட்டுமா?"

"கரையில பாத்தா போதும்."

"அதுக்குள்ள அது செத்துப்போயிருக்குமே, தாயி."

அவர் சொன்னது சரிதான். செத்துப்போய்க் கரைக்கு வந்ததை நான் வாங்காவிட்டால் பக்கத்து ஊரான வேப்பூரில் யாரோ வாங்குவார்கள், அதுவும் தெரியும்.

"செத்ததுன்னாலும் வாணாம். எங்கூட்டுக்கு வாணாம்" என்றேன்.

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "கொழுப்பு பாத்தியா இவளுக்கு! இந்தப் புள்ளையும் சங்குலதான் குடிக்கப் போவுது!"

"குடிக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு மீன்காரம்மாவுக்குக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டேன்.