மார்பில் ஒட்டிய கருப்பு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து வந்தால், நான் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் கூடத்தில் கால் வைக்க வேண்டும். வெங்காயத்துக்கே முகம் சுளிக்கும் அம்மாவுக்கு, மகள் சிங்கி இறால் வளர்ப்பது பெரிய தலைகுனிவு. "பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "சயின்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அடையாறு தாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் பண்ணை. கடலில் பிடித்துவந்த சினை இறால்கள் அங்கே குஞ்சு பொரித்ததுண்டு. ஆனால் தொட்டியிலேயே இணை சேர்ந்து ஒரு குஞ்சுகூடப் பிறந்ததில்லை. அதை நடத்திக் காட்டியே தீருவது என்று எனக்குப் பிடிவாதம். தண்ணீரின் உப்பையும் சூட்டையும் விளக்கு வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் காலை, ஒரு பெண் இறாலின் மார்பில் தார் பூசியதுபோல் கருப்பாக ஒட்டியிருந்தது. ஆண் இறால் ஒட்டிவிட்டுப் போன விந்து அது. பெண் முட்டையிடும்போது அதைக் கால் நகத்தால் சுரண்டினால்தான் முட்டைகள் கருவாகும். நான் துள்ளிக் குதிக்காத குறை.

அன்றைக்குப் பார்த்தா பார்வையாளர்கள் வர வேண்டும்? புதிதாக வந்திருந்த மேலாளர், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, தானே ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷோடு அந்த இறாலைத் தூக்கிவிட்டார்.

"இன்னாம்மா இது, மார்ல இவ்ளோ அழுக்கு! பாத்துக்கினு சும்மா இருக்கியா?"

"அழுக்கில்ல சார், பொறக்கப்போற குஞ்சுகளுக்கு அப்பன் வீட்டுச் சொத்து! மொதல்ல கீழ விடுங்க!"

என் குரல் பண்ணை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் பேந்தப் பேந்த விழித்து இறாலைத் தண்ணீரில் விட்டார். பார்வையாளர்கள் போகும்வரை நான் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை.

சில நாளில் அவள் வாலடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளைச் சுமந்தாள். அவை மெல்லப் பழுப்பேறின. ஒரு காலையில் டார்ச் அடித்தேன். கண்ணாடிச் சில்லுபோன்ற குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி மொய்த்துக்கொண்டு வந்தன. அவற்றை வளர்த்து ஆளாக்குவது இதைவிடப் பெரும்பாடு, தெரியும். இருந்தாலும் இங்கே உருவாகி இங்கேயே பிறந்தவை. பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டாள்.

மாலை வழக்கம்போல் பின்பக்கம் நடந்தேன். "எங்கடி போற? குளியல் அப்பறம் ஆகட்டும், உள்ள வா" என்று கூடத்திலிருந்து அம்மா குரல். எதிர்வீட்டு மாமி உட்கார்ந்திருந்தார். உப்பும் கவிச்சியுமாக நின்ற என் தோளில் கை போட்டு அம்மா சொன்னாள்:

"என் பொண்ணு. சிங்கி இறாலுக்குப் பிரசவம் பாத்துட்டு வரா."