சாயக் கையோடு அப்பா போட்ட ஓட்டு

1. அப்பா திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தார்.
2. மழை தொடர்ந்து பொய்த்ததால் இளவயதிலேயே அருப்புக்கோட்டைக்கு வந்து, நூலுக்குச் சாயம் போடக் கற்றார்.
3. அறுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது வந்த ஒரு தேர்தலில், ஓட்டைச் செல்லாததாக்குவது என்று எங்கள் நெசவுத் தெரு முடிவெடுத்தது. அப்பா மட்டும் மறுத்தார்.
4. அவர் போட்ட ஓட்டும் செல்லாமல் போனது.
5. அக்காவின் கல்யாணத்துக்குத் தெரு வரவில்லை.
6. சென்ற மாசியில் அப்பா காலமானார்.

பாலிடெக்னிக்கில் படித்த பழக்கம்; வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். மூன்றாவதையும் நான்காவதையும் சற்று விளக்க வேண்டும்.

அப்போது தெருவில் இருந்தது ஒரே உப்புக் கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சாயமும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். குழாய் கேட்டு அலுத்துப்போன தெருவார் கோயிலில் கூடினார்கள். நின்றவை இரண்டே கட்சிகள். இரண்டு சின்னத்திலும் முத்திரை குத்திவிடுவது என்றார் தெருப் பெரியவர். தெருவின் வார்த்தையை மீறியவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போவதில்லை என்பது வழக்கம். அக்காவுக்கோ வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் இல்லைன்னு ஆனாத்தான் மாப்ளே, நம்ம தெருன்னு ஒண்ணு இருக்கறதே அவுகளுக்குத் தெரியும்" என்றார் பெரியவர்.

"நீங்க சொல்றதுல ஞாயம் இருக்கு மாமா. ஆனா ரெண்டுல ஒருத்தர் வரத்தான் போறாரு. ஒருத்தர் குடத்தோட நின்ன பொம்பளைகளப் பாத்தும் கார விட்டு எறங்கல. இன்னொருத்தர் நம்ம கெணத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தாரு."

"ஊத்துன வேகத்துல துப்புனாருல்ல!" என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது.

"துப்புனாருதான். ருசி தெரிஞ்சதாலதான துப்புனாரு? நான் அவருக்குத்தான் போடப்போறேன். மறைக்கல, சொல்லிட்டுப் போடுறேன்."

தேர்தல் அன்று தொட்டியில் சிவப்புச் சாயம். பாதியில் எடுத்தால் நூல் கெடும் என்பதால், முடித்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தபடியே ஓட்டுச் சாவடிக்கு ஓடினார். சீட்டை மடிக்கும்போது கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. போட்டவர் யார் என்று காட்டும் அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது. சிவப்பு ரேகை பதிந்த சீட்டை ஒதுக்கிவிட்டார்கள் என்று, எண்ணும் இடத்திலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே சேதி சொன்னார். ஜெயித்ததும் காரை விட்டு இறங்காதவர்தான்.

மறுநாளே பெரியவர் வீட்டுக்கு வந்தார். "ஒம்ம ஓட்டும் செல்லாமப் போச்சு மாப்ளே. அப்ப நீரும் தெரு வார்த்தைய மீறல. கல்யாணத்துக்கு வெத்தலை பாக்கு வையும், எல்லாரும் வாரோம்."

அவர் கருணையோடுதான் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து, "சரின்னு சொல்லுங்களேன்" என்றார்கள்.

அப்பா சொன்னார்: "செல்லாமப் போனது சாயத்தால மாமா. நான் மீறித்தான் போட்டேன். மீறலைன்னு சொல்லி எம் மக கல்யாணத்தக் கூட்ட மாட்டேன்."

நெருங்கிய சொந்தங்கள் மட்டும் சூழ, கோயிலில் கல்யாணம் முடிந்தது. சமைத்தது மீந்தது. அப்பாவை அக்கா பிறகும் குறை சொன்னதில்லை.

அடுத்த தேர்தலுக்குச் சில நாள் முன்பே அப்பா தொட்டிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கூலி போகிறதே என்று அம்மா கடிந்துகொண்டும் கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ளே, ஓட்டுக்கு விரதமா?" என்று கேலி செய்தார்கள். ஆனால் இம்முறை தெருக் கூட்டம் எந்த முடிவும் எடுக்கவில்லை; அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டது. தண்ணீரைத் துப்பியவர் ஜெயித்தார். தெருமுனையில் ஒரு குழாய் வந்தது. சாக்கடை கட்டித் தருவதாகச் சொன்னவர், அதற்குப் பிறகு வரவில்லை.

"நீரு போட்ட நல்லவரு எங்க?" என்று பெரியவர் கேட்டபோது அப்பா சிரித்தார். "நல்லவருன்னு நான் எப்பச் சொன்னேன் மாமா? அவருக்கு இவரு தேவலைன்னுதான சொன்னேன்."

அப்பா நோயில் விழுந்தபோது மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துக்கொண்டு உடன் வந்தவர் அந்தப் பெரியவர்தான். அவருக்கும், இறுதி வரை மருந்து கொடுத்த உள்ளூர் டாக்டருக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

இப்போது தெருமுனைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. சாக்கடை இன்னும் கட்டப்படவில்லை. வரும் தேர்தலில் இரண்டு சின்னத்திலும் குத்தப்போவதாகப் பெரியவர் சொல்கிறார். அம்மா ஒன்றில் குத்துவார்கள். இருபத்தொரு வயது முடிந்த எனக்கு இதுதான் முதல் ஓட்டு; இன்னும் முடிவு செய்யவில்லை.