சிரித்த முகத்தில் டிக் அடிக்காத லிஃப்ட் மெக்கானிக்

எங்கள் மருத்துவமனையில் மருந்துக் கவுன்ட்டருக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு மேஜை உண்டு. அதுதான் என் இடம். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே போகிறவர்களிடம் கருத்துப் படிவத்தை நீட்டுவது என் வேலை. காத்திருந்த நேரம் எப்படி, நர்ஸ் எப்படிப் பேசினார், டாக்டர் எப்படி, வலி குறைந்ததா என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து முகங்கள், அழுகிற முகம் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரைக்கும். முக்கால்வாசிப் பேர் படிக்காமலே ஏதோ ஒரு வரிசையில் மேலிருந்து கீழே டிக் அடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஒன்பது வருடமாக நீட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நெடுநெடுவென்று உயரம். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு ஏணின்னு பேர் வெச்சா பொழப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவியின் அண்ணன்தான் தொழிலில் ஜோடி. இவர் மேலே மோட்டார் அறையில் இருந்தால் மச்சான் கீழே, லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இருப்பார். மச்சான் மேலே ஏறினால் இவர் கீழே. பதினாறு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

ஒருநாள் இவர் கால் தவறி அந்தப் பள்ளத்தில் விழுந்தார். இரண்டு ஆள் ஆழம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிவிட்டது. எங்கள் மருத்துவமனையில்தான் கம்பியும் திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். வலிக்குக் கொடுத்தது அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை. அந்த வலிக்கு அது தேவைதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. அப்போதிருந்த எலும்பு டாக்டர் தங்கமான மனிதர். வாசலில் அறுபது பேர் நிற்கும்போது ஒருவர் "வலிக்குது சார்" என்றால் அவருக்கு மனசு கேட்காது. எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டு மாத்திரை மூன்றானது, மூன்று நாலானது. பதினோரு மாதத்தில் ஆறு. ஒவ்வொரு தடவையும் ஏணி என் மேஜைக்கு வந்து பத்துக்குப் பத்தும் சிரித்த முகத்தில் டிக் அடிப்பார். அந்த டாக்டருக்கு மாதா மாதம் முதல் இடம். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்.

அந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலிக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, வார்த்தையை நிறுத்தி நிறுத்திப் பேசுகிற வழக்கம். ஏணி உள்ளே போனவர் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சிவந்திருந்தது.

உள்ளே நடந்ததை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தணும்," என்று சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. "எலும்பு நல்லா கூடியிருச்சு. இப்ப உங்களுக்கு வர்ற வலியில பாதி, மாத்திரையோட வேகம் இறங்கறதால வர்ற வலி."

"அப்ப என்னை போதைக்காரன்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க. உங்க உடம்பு அதுக்குப் பழகிருச்சுன்னு சொல்றேன். அது உங்க தப்பு இல்ல."

"பழைய டாக்டர் கேட்டதும் கொடுத்தாரே!"

"நான் கொடுக்க மாட்டேன். ஆனா உங்களை விட்டுடவும் மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க, சேர்ந்து குறைப்போம்."

ஏணி எழுந்து வந்துவிட்டார். என் மேஜையில் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, பத்துக் கேள்விக்கும் அழுகிற முகத்தில் பேனா கிழிக்கக் கிழிக்க டிக் அடித்தார். கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இந்த டாக்டருக்கு மனசாசி இல்லை. நோயாளியைத் துடிக்க விடுகிறார்.' நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றுவதுதானே என் வேலை.

அந்த மாதம் பட்டியலில் டாக்டரம்மா கடைசி. மாத்திரை குறைக்கச் சொன்னதற்காக இன்னும் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி எழுதியிருந்தார்கள். நிர்வாகி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். டாக்டரம்மா என்ன சொன்னாரோ தெரியாது. வெளியே வந்து குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

ஏணி வேறொரு கிளினிக்கைக் கண்டுபிடித்தார். அங்கே கேள்வி கிடையாது, சீட்டு மட்டும்தான். வேலைக்கும் திரும்பிவிட்டார். உட்கார்ந்தால் கண் சொக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். மனைவி கேட்டால் எரிந்து விழுவார். நல்ல மனுஷன், மாத்திரைதான் இப்படி ஆக்குகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் யாரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியும்?

ஒரு காலை வேளை. எட்டு மாடி அலுவலகக் கட்டடம். மச்சான் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஏணி மேலே மோட்டார் அறையில். கீழேயிருந்து போன் வரும்வரை மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. அது அவர்களுக்குள் பதினாறு வருட ஒப்பந்தம். ஏணிக்குக் கண் செருகியது. திடுக்கிட்டு விழித்தவருக்கு மச்சான் 'முடிஞ்சுது' என்று சொன்னது போலவே தோன்றியிருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மூன்றாவது மாடியில் யாரோ லிஃப்டில் ஏறிக் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட் கீழே இறங்கியது.

மச்சான் சத்தம் கேட்டு நிமிர்ந்து, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானில் ஓங்கி அறைந்தார். தலைக்கு மேல் ஒரு முழம் இடைவெளியில் லிஃப்ட் நின்றது.

படியேறி மேலே வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் ஏணி நினைத்தாராம். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"மாப்ள, நான் செத்திருந்தா பரவாயில்ல. என்னைக் கொன்னவன்னு என் தங்கச்சி உன்கூட எப்படிப் பொழப்பு நடத்துவா? அதை யோசிச்சுப் பாரு."

மறுநாள் காலையில் ஏணி எங்கள் வாசலில் நின்றார். பக்கத்தில் மச்சான். மச்சானையும் கூட்டிக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டரம்மா முழுக்கதையையும் கேட்டார். முதலில் மச்சானைத்தான் பார்த்தார். "உங்களுக்கு அடி எதுவும் படலையே?"

பிறகு ஏணி தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், போன தடவை நான் ஒரு படிவம் எழுதினேன்..." என்று இழுத்திருக்கிறார்.

"தெரியும். நிர்வாகி படிச்சுக் காட்டினார். 'மனசாட்சி'ல ஒரு 'ட்' விட்டுட்டீங்க."

மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏணிக்கோ கண்ணில் தண்ணீர்.

"கோவம் இல்லையா மேடம்?"

"வருத்தமா இருந்துச்சு. ஆனா வலியில எழுதினதை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல. சரி, இன்னிக்கு எத்தனை மாத்திரை போட்டீங்க?"

ஆறிலிருந்து பூஜ்யத்துக்குப் போக ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. இரண்டு வாரத்துக்கு அரை மாத்திரைதான் குறைப்பு. வீட்டில் மனைவி மாத்திரையைப் பாதியாக நறுக்கி, கிழமை எழுதிய டப்பாவில் போட்டு வைப்பார். வியர்த்துக் கொட்டும், மூக்கு ஒழுகும், கால் ஓரிடத்தில் நிற்காது. உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொல்லிக் கொடுத்தார். முதல் வாரம் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லையாம்.

மூன்றாவது மாதம் ஒருநாள் மத்தியானம் அவரால் தாங்க முடியவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கொடுத்துடும்மா" என்று கெஞ்சியிருக்கிறார். மனைவி டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். சாப்பாட்டு நேரம். டாக்டரம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பேசினார் என்று நர்ஸ் சொன்னாள்.

"அரை மாத்திரை ஏத்திக் கொடுங்கம்மா. இந்த அளவுலயே ரெண்டு வாரம் இருக்கட்டும். ஒரு படி பின்னால வந்தா தோத்துட்டோம்னு அர்த்தமில்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க. இல்ல, போனை அவர்கிட்டயே கொடுங்க, நானே சொல்றேன்."

கடைசி அரை மாத்திரையும் நின்று ஒரு மாதம் ஆனபிறகு ஏணி என் மேஜைக்கு வந்தார்.

"பழைய படிவத்தைத் திருத்தணும்மா."

"ஏத்தினதைத் திருத்த முடியாதுங்க. வேணும்னா புதுசா ஒண்ணு எழுதுங்க."

உட்கார்ந்து நிதானமாக எழுதினார். 'உங்கள் வலி முழுமையாக நீங்கியதா?' அழுகிற முகம். 'நீங்கள் எதிர்பார்த்த மருந்து கிடைத்ததா?' அதற்கும் அழுகிற முகம். மறுபடியும் டாக்டரம்மாவை மாட்டிவிடப் போகிறாரோ?

"என்னங்க இது?"

"உண்மையைத்தானே கேட்டிருக்காங்க? வலி இருக்கு. கேட்டதும் கிடைக்கல." தாளைத் திருப்பினார். "நான் சொல்ல வேண்டியதுக்கு இதுல கேள்வியே இல்லம்மா. பின்பக்கம் எழுதிக்கலாமா?"

பின்பக்கம் முழுக்க எழுதினார். தன்னால் மச்சான் சாக இருந்ததை எழுதினார். அவமானப்படுத்தியவனைத் திரும்ப உட்கார வைத்துப் பேசிய டாக்டரைப் பற்றி எழுதினார். 'கேட்டதைக் கொடுத்தவருக்கு நான் நல்ல மார்க் போட்டேன். என்னைக் காப்பாற்றியவருக்குப் போடவில்லை. மன்னிக்கவும்' என்று முடித்திருந்தார். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே நிர்வாகியின் அறைக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் நானாக அந்தக் கதவைத் தட்டியது அது ஒரு தடவைதான். நிர்வாகி அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த மாதத்திலிருந்து வலி பற்றிய அந்தக் கேள்வியை டாக்டர்களின் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

ஏணி இப்போது பள்ளத்தில் இறங்குவதில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுகிற போனை எடுத்துப் பேசுகிற வேலை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மழை நாளில் இன்னும் வலிக்கிறது. போன வாரம் ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டு அழுதாளாம். "இன்னும் இருபது நிமிஷம் ஆகும்மா, குறைச்சுச் சொல்லி ஏமாத்த மாட்டேன். அதுவரைக்கும் போனை வைக்க மாட்டேன்," என்று சொல்லி, அவள் பிள்ளைகள் எந்த வகுப்பு, என்ன குறும்பு என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இருபத்திரண்டாவது நிமிடம் கதவு திறந்தது. வெளியே வந்த பிறகும் அந்தப் பெண் போனை வைக்காமல், தன் சின்ன மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனாளாம்.