அவள் வரைந்த கார்டு

தொண்ணூற்றெட்டில் கம்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். என் மனைவி ஆண்டிபட்டிக்காரி. என்னைப் போலவே எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஆனாலும் கடையில் அவள் பில் போடுவாள், நான் ஸ்குரூடிரைவர் பிடிப்பேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். உலர்த்தும் அறையில் சூடு கூடினால் ஏலக்காயின் பச்சை போய்விடுகிறது, அந்தச் சூட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வழி உண்டா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸ்லாட்டில் செருகுகிற மாதிரி ஒரு கார்டை நாமே வடிவமைக்க வேண்டும். "செஞ்சு தாரேன்" என்று மார்தட்டினேன்.

செய்தும் விட்டேன். ஆனால் திரையில் ஐம்பது டிகிரி என்று காட்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்பதுக்குத் தாவும். பலமுறை ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன். எண் அடங்கவில்லை.

அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "சூடு அளக்குற சென்சாரோட செம்புக் கோட்டை மத்த கரண்டுக் கோட்டுக்கெல்லாம் நடுவுல கொண்டு போயிருக்கீகளே, அதான் எகிறுது. நான் ஒண்ணு வரஞ்சு பாக்கவா?"

"பாரேன்" என்றேன், உன்னால் முடியாது என்ற நம்பிக்கையில்.

செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் அவள் கோடு வரைந்தாள். பிளாஸ்டிக் தொட்டியில் அமிலக் கரைசலில் போட்டு, வேண்டாத செம்பைக் கரைத்து எடுத்தாள். பாகங்களைப் பற்றவைத்துச் செருகியதும் ஐம்பத்திரண்டு என்று வந்தது. வந்த எண் அப்படியே நின்றது. நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுக்குத் தாவாதா என்று மனம் ஏங்கியது.

பிறகு தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "தங்கச்சி இல்லையா? அவுக செஞ்ச கார்டுதான் வேணும்" என்பார்கள். நான் நாற்காலியை நகர்த்திப் போடுவேன். அவள் கார்டைக் கையில் எடுத்தால் கோடுகளின் ஒழுங்கு கண்ணை உறுத்தும். ஒரு குறை கிடைக்காதா என்று பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குத் தெரியாமல், இரண்டு அறைகளின் சூட்டைக் காட்டி விசிறியையும் தானே ஓடவிடும் கார்டு ஒன்றை வடிவமைத்தேன். சில வருடங்கள் ஆயின. கடைசியில் எண் தாவாமல் நின்றது. முதலில் வந்த ராவுத்தரிடமே கொண்டு போனேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். மூடியைக் கழற்றினால், என் கார்டைச் செருக இடமே இல்லை. அந்தப் பழைய ஸ்லாட்டைக் கம்பெனிகள் விட்டுவிட்டன.

கார்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விசிறி சங்கதி எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். "புதுசுக்கு வெளிய மாட்டுற மாதிரி ஒண்ணு வரையணும். சூடு பாக்குறது எனக்கு, விசிறி உங்களுக்கு. சரியா?"

சரி என்றேன். என் பாதி அவளுடையதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பென்சிலைச் சீவினேன்.