தூக்குக்குண்டும் என் முதுகும்

என் நைனா கொத்தனார். வெதுருகுப்பம் பக்கத்தில் தான் எழுப்பிய சுவர் ஒன்றுகூடக் கோணியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் பெற்ற பெண்ணின் முதுகெலும்புதான் பாம்பு மாதிரி வளைந்து வளர்ந்தது.

சித்தூர் டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, வளைவு குறையாவிட்டால் முதுகைத் திறந்து கம்பி வைக்கவேண்டும் என்றார். அறுப்பது என்றால் அதுவரை கோழி அறுப்பதைத்தான் பார்த்திருந்தேன்.

யாரோ போனில் வந்த வீடியோவைக் காட்டினார்கள். திருப்பதியில் ஓரிடத்தில் கத்தியே வைக்காமல் இழுத்து நிமிர்த்துகிறார்களாம். போனோம். கட்டிலில் படுக்கவைத்து, தாடைக்கடியில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை மாட்டினார்கள். தலைமாட்டுக் கப்பியில் எடைகளைத் தொங்கவிட்டார்கள். “ஏம் காது பாப்பா” என்றார் அங்கிருந்தவர், தெலுங்கில். ஒன்றும் ஆகாதாம்! எடை ஏற ஏறப் பல் கிட்டியது, காதுக்குள் இரைந்தது. தலை தனியே கழன்று வந்துவிடும் என்றே நம்பினேன். வாயைத் திறந்து அழக்கூட வழியில்லை. இருந்தாலும் வாராவாரம் போனேன். கத்திக்கு இது தேவலாம்.

சில மாதம் கழித்து, இழுத்துக் கட்டிய நிலையிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். வளைவு பாதியாகியிருந்தது. அம்மா அங்கேயே மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நைனா மட்டும் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “படுக்க வெச்சி இழுத்தா எதுதான் நேராவாது? நின்னாதானே தெரியும்?”

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சட்டையின் முதுகுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். நைனா வேலைப் பையிலிருந்து, சுவர் கோணாமல் நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்து, என் பிடரியில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார்.

“ஆடாம நின்னுக்கினு இரு கண்ணு.”

குளிர்ந்த இரும்பு என் இடுப்பைத் தொட்டுத் தொட்டு விலகியது. கோணல் என்றால் கத்தி. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“இன்னாய்யா, நேரா கீதா?” என்றாள் அம்மா.

“நேராத்தான் கீது.”

அப்பாடா! திரும்பி அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். குண்டு அசையாமல் நின்ற பிறகுதான் அளவு சொல்லவேண்டும் என்று சித்தாள்களைத் திட்டித் தீர்க்கிற மனிதர், அன்று அது ஆடிக்கொண்டிருக்கும்போதே நூலைச் சுருட்டிவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். நைனாவுக்கும் பயம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.