வேர் வெளுத்தால் தண்ணீர்

எங்கள் வீட்டில் உப்பு ஆகாத உயிர்கள் இரண்டு. ஒன்று என் வீட்டுக்காரர். இன்னொன்று முன்வாசல் கம்பியில் தொங்கும் ஆர்க்கிட் செடி. தொண்டிக்குப் பக்கத்தில், போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாத கடற்கரை ஊரில், இந்த இரண்டையும் காப்பாற்றியே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டு நின்ற வருஷம் அது.

விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறி ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் தண்ணீருக்கு அளவு. உப்புத் தின்றால் தாகம் எடுக்கும் என்பதால் உப்புக்கும் அளவு. தினமும் காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். எப்பேர்ப்பட்ட வாலையும் ஒரு முறைப்பில் உட்கார வைத்துவிடுவேன். இவரிடம் அந்த முறைப்பு செல்லுபடியாகவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும், ஆளுக்கு முகமும் காலும் வீங்கியிருக்கும். அடுக்களையில் தண்ணீர்ப் பானையை மூடிய தட்டு இடம் மாறியிருக்கும். கேட்டால், "பூனை தட்டிருக்கும்" என்பார். எங்கள் தெருவில் பூனை இருந்தது உண்மைதான், ஆனால் அது தட்டைத் திருப்பி மூடிவிட்டுப் போகிற அளவுக்கு நல்ல பூனை இல்லை.

ஆர்க்கிட் வந்த கதை வேறு. என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் மலைப்பக்கத்துக்காரர். சொந்த ஊருக்கு மாற்றல் கிடைத்ததும் தன் செடிகளில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மரத்தில் தொற்றி வளர்கிற செடி, மண் வேண்டாம். கம்பிக் கூடையில் நாலு கரித்துண்டு. வேரெல்லாம் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். "வேர் வெளுத்தாத் தண்ணி குடுங்க. பச்சையா இருந்தாத் தொடாதீங்க. உப்புத் தண்ணி மட்டும் ஆகவே ஆகாது" என்றார்.

அதாவது குடிதண்ணீர். எங்கள் பக்கத்தில் குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது பாவக்கணக்கில் சேரும். குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரைக் குடம் குடமாக வரிசை போட்டுப் பிடிக்கிற ஊர். அரிசி களைந்தது, மீன் அலசியது, பாத்திரம் கழுவியது, இவைதான் செடிக்கு. முருங்கையும் கறிவேப்பிலையும் அதிலேயே தளதளவென்று நிற்கின்றன. நான் சொம்பில் நல்ல தண்ணீரை மொண்டு வெறும் வேருக்கு ஊற்றியதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "டீச்சருக்கு வீட்டுக் கவலையில புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி பரிதாபப்பட்டார்.

கையில் ஒரு வேலையாவது இருக்கட்டும் என்று செடியை இவரிடம் ஒப்படைத்தேன்.

"மண்ணும் இல்ல, மரமும் இல்ல. அந்தரத்துல தொங்குது. இது பொழைக்கவா?" என்றார்.

"பொழைக்கும். நீங்களும் பொழைப்பீங்க. காலையில எந்திரிச்சதும் வேரப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர், சித்திரை முடிவதற்குள் செடிக்கே மேஸ்திரி ஆகிவிட்டார். அந்த வெயிலில் காலையில் நனைத்த வேர் மத்தியானத்துக்குள் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். சாயங்காலம் மறுபடி நனைப்பார். ஆடியில் கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தபோது ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். நான் ஆசைப்பட்டு ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார். "வேர் பச்சையா இருக்குல்ல? எதுக்கு ஊத்துற? அழுகிப் போகும்." செடிக்கு அத்தனை கறாராக அளந்த மனிதர் தனக்கு மட்டும் பூனையை விட்டு அளந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

புரட்டாசியில் திருப்பாலைக்குடியிலிருந்து மதினி வந்தார். இவருடைய மூத்த அக்கா. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். தம்பி மெலிந்து கிடப்பதைப் பார்த்து அவருக்கு மனசு பொறுக்கவில்லை. கையோடு கொண்டுவந்த கருவாட்டை அலசிக் குழம்பு வைத்து, உப்பும் உறைப்புமாகப் பரிமாறியிருக்கிறார். கருவாடு அலசிய தண்ணீரை, இவர் கண் அசந்த நேரத்தில், வேர் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறதே பாவம் என்று, ஆர்க்கிட்டுக்கு ஊற்றியிருக்கிறார். இரண்டுமே பாசம்தான். அதை அப்போதும் நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் நான் படியேறும்போது இவர் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். படுக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பக்கத்தில் தண்ணீர்ப் பானை திறந்து கிடந்தது.

கார் பிடித்து ராமநாதபுரம் ஓடினோம். வழியெல்லாம் அவர் கையை நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவசரமாக மெஷினில் போட்டார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதினியிடம் என் வாய் அவிழ்ந்துவிட்டது.

"பாசத்தாலயே கொன்னுருவீங்க போல மதினி."

"உப்பில்லாத சோத்தப் போட்டு நீதான் கொல்லுற. சப்புன்னு எத்தன நாளைக்குத்தான் திம்பான் என் தம்பி?"

"எத்தன நாள் இருக்காரோ அத்தன நாளைக்கும். நான் போடுவேன், அவர் திம்பாரு."

மதினி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். தம்பி கண் திறந்த செய்தி வரும்வரை நின்றார். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து வீடு திரும்பியபோது செடியின் வேர்கள் பாதிக்குமேல் பழுப்பாகிச் சொதசொதவென்று இருந்தன. கீழ் இலைகள் தொட்டதும் உதிர்ந்தன. கூடையை மடியில் வைத்துக்கொண்டு இவர் மோந்து பார்த்தார்.

"கருவாட்டு வாட. அக்கா எனக்குப் போட்டதையே இதுக்கும் ஊத்திருக்கு."

கத்தரிக்கோலைக் கொதிநீரில் முக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். செத்த வேரையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கினார். கரியை வீசிவிட்டுப் புதுக் கரி போட்டார். நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, வடிய விட்டு, மறுபடி முக்கினார். ஒரு வாளி குடிதண்ணீர் போயிற்று. போகட்டும் என்றேன். மறுநாள் சாயங்காலம் பானையின் தட்டு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஐப்பசியில் மழை பிடித்தது. அண்டா, குடம், இட்லிச் சட்டி வரைக்கும் வாசலில் பரப்பி மழைத் தண்ணீரைச் சேர்த்தேன். தெரு சிரித்தது. சிரிக்கட்டும். அந்த மாதங்களில் செடிக்குத் தண்ணீரே வேண்டியிருக்கவில்லை. ஈரக்காற்றைக் குடித்தே வேர் பச்சையாக இருந்தது. அவருடைய நாக்குக்கும் அப்போது கொஞ்சம் இளைப்பாறுதல், பாட்டில் தண்ணீரில் மிச்சம்கூட வைப்பார். வாடைக்காற்று இலையில் உப்பைப் பூசிவிட்டுப் போகும். அவர் துடைப்பார். தை மாதப் பனியில் புது வேர் ஒன்று பச்சை நுனியோடு எட்டிப் பார்த்தபோது, டயாலிசிஸுக்குக் கிளம்பிய மனிதர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கிறிஸ்தவ ஊரே நோன்பிருந்தது. எங்களுக்கு வருஷம் முழுக்கத் தவக்காலம் என்பதால் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் பூத்தது. பெரிய பூ ஒன்றுமில்லை. மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட சின்னச் சின்னப் பூக்கள், கொஞ்சம் வாசனை. நான் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன்.

பூத்த சேதி எப்படியோ திருப்பாலைக்குடிக்கும் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மதினி வந்து நின்றார். பழைய சண்டையை இருவரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். சொம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து பாதி குடித்தார். குடித்துவிட்டு, சின்ன வயசிலிருந்து செய்துவந்த பழக்கத்தில், மீதியைத் தம்பியிடம் நீட்டிவிட்டார்.

"ஏலே, இந்தா குடி."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நீட்டிய கையை இழுக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். இவர் சொம்பை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொல்லித்தான் இவர் நிறுத்த வேண்டும் என்றால் நான் இத்தனை நாள் நின்றதில் என்ன இருக்கிறது?

இவர் சொம்புக்குள் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். பிறகு எழுந்து போய், ஒரு சொட்டு கீழே சிந்தாமல், வேர்மேல் மெதுவாக ஊற்றினார்.

"வெளுத்துக் கெடக்குக்கா" என்றார்.

மதினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவர் என்னிடம், கணக்குப் போட்டு முடித்த பிள்ளை சிலேட்டைக் காட்டுவதுபோல், சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். ஜன்னலில் அவருடைய பாட்டிலைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் வேண்டும் என்று இன்னும் இரண்டு மடக்கு மிச்சம் வைத்திருந்தார்.